கன்னம் கொடுப்பவர்கள்

பிப்ரவரி 9

இன்று கன்னம் கொடுப்பது என் முறை.

எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வது. புதிதாக வார்த்த ஃபிலிமை, மருந்து கலக்காமல், எங்களில் ஒருவர் கன்னத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு அது கரைந்து முடியும்வரை வேலை பார்க்க வேண்டும். நகத்தளவுதான் இருக்கும். கண்ணாடித்தாள் மாதிரி. ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் ஒட்டாது. வலிப்பு வந்த குழந்தையின் கன்னத்துக்குள் வைத்து அழுத்தினால் மருந்து அங்கிருந்தே ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஊசி வேண்டாம், விழுங்க வேண்டாம். அதற்காகத்தான் இத்தனை பேர் இத்தனை காலமாகப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

ஒட்டுதல் சோதனையைக் கவனிக்கும் அண்ணனுக்குக் 'கோந்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஃபிலிமைக் கையில் கொடுக்குமுன் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "வாய் கொப்பளிச்சாச்சா?" கொப்பளித்துக் காட்ட வேண்டும். "பல்லிடுக்குல ஒரு துணுக்கு இருந்தாலும் என் கணக்கு போச்சு, தங்கச்சி."

கொப்பளித்தேன். ஒட்டினேன். உடும்புப்பிடி. மதியம் இவர், என் வீட்டுக்காரர், போனில் கூப்பிட்டார். நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "என்ன, குடிச்சிருக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மரத்தொட்டிலுக்கு ஓடி, குட்டியின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். இவருடைய அக்கா, நான் வேலைக்குப் போனதிலிருந்து பகலில் குட்டி அவரிடம்தான். "மூச்செல்லாம் நல்லாத்தான் விடுறா உன் பொண்ணு. நான் சோபாவை விட்டு எந்திரிச்சா நிறுத்திருவான்னு பார்த்தியா?"

அவர் அப்படித்தான் பேசுவார். கோபமில்லை.

வேலைக்கு எடுத்தபோது, ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள். பாலிமர் பிடிக்கும் என்றேன். ஒரு குழந்தைதானா என்று யாரோ பேச்சுவாக்கில் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த 'ஆமாம்' இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 10

ராத்திரி மறுபடி அந்தச் சத்தம். தொட்டில் பக்கமிருந்து. டொக், டொக், கொஞ்சம் நின்று, டொக். எழுந்து போனேன். குட்டி அசையாமல் தூங்குகிறாள். மூச்சு இருக்கிறது.

பிப்ரவரி 14

குழந்தை மருத்துவர் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் அவருடைய வார்டில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை. பெற்றோர்களிடம் பேசி முடித்துவிட்டாராம்.

"இப்ப இருக்கிற மருந்தெல்லாம் நல்ல மருந்துதான். உள்ள போய்ச் சேரணுமே. பிள்ளை வெட்டி வெட்டி இழுக்குறப்ப அம்மா கை நடுங்குது. பாதி மருந்து வெளியிலதான்" என்றார்.

"இது வந்துட்டா எந்தக் கையும் நடுங்க வேண்டாம்" என்றார் மேடம். எங்கள் தலைமை அவர்தான். ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார்.

நான் தட்டில் இருந்த ஃபிலிம்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து கலந்தவை பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. சாவி கோந்து அண்ணனின் கோட்டுப் பையில். கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒன்றே ஒன்று எடுத்து என் பர்ஸில் வைத்தால் யாருக்குத் தெரியும்?

குட்டிக்கு முன் பிறந்த பெரியவன் பதினோரு மாதத்தோடு, ஒரு வலிப்பில், நின்றுவிட்டான். ஏப்ரலில் குட்டிக்கு அந்த வயது. காய்ச்சலோடு வருகிற வலிப்பு கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். "வரலாம், வராமலும் போகலாம்." இந்த 'லாம்' என்னைத் தின்கிறது.

எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 17

இன்று விடுமுறை. குட்டி தொட்டிலில் மல்லாந்து படுத்து, சிரித்தபடி, இரண்டு குதிகாலையும் மரச்சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மாவு சலித்தபடியே, "அப்படியே அவங்க அண்ணன்தான். அதே தாளம்" என்றார்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்றே நினைவில்லை. அண்ணி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரைச் சொன்னா வந்துருவானா? நீ சொல்லாம இருந்தா மட்டும் போயிருவானா?" பிறகு சல்லடையை எடுத்துச் சலிக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு அவன் குதிகால்தான் முதலில். நான் அடுக்களையில் இருந்தேன். விளையாடுகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்? தெரியாது. யாருக்குமே தெரியாது.

புதுத் தொட்டில் வாங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 22

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

மாலை பால் குடித்தபடியே குட்டி தூங்கிவிட்டாள். வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. துணி லேபிளைப் பிய்த்து வாயில் போட்டிருந்தாள். விரலை விட்டுக் கன்னத்துக்குள் துழாவினேன். பிடிக்கவே முடியவில்லை. கன்னத்தின் உட்பக்கம் முழுக்க வழுவழுவென்று பால். லேபிள் என் விரலுக்கு முன்னால் வழுக்கி வழுக்கி உள்ளே போகிறது. கவிழ்த்துப் போட்டு எப்படியோ எடுத்துவிட்டேன். குட்டி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

எடுத்த விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெள்ளையாக, பிசுபிசுவென்று.

இரண்டு வருடமாக நான் திரும்பிப் பார்க்காத ஒரு இடம் உண்டு. மருந்தைக் கன்னத்துக்குள் விட்ட பிறகு அவன் கழுத்தில் வழிந்தது. முன்பே ஒருமுறை வலிப்பு வந்ததால் டாக்டர் எழுதிக்கொடுத்து வீட்டில் வைத்திருந்த மருந்து. தண்ணீர் மாதிரி இருக்கும், நிறமே கிடையாது. ஆனால் கழுத்தில் வழிந்தது வெள்ளையாக இருந்தது. நான் அதைத் துடைத்தேன். கழுத்தைத்தான் துடைத்தேன். அப்போதுதான் பால் குடித்திருந்தான் அவன். மருந்து பாலோட பாலா வெளிய வந்துருச்சு. நான் கழுத்தைத் தொடச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆய்வகத்தில் ஒரு வாயிலும் பால் இருந்ததே இல்லை.

எல்லோரும் கொப்பளித்த வாய். பன்றிக் கன்னத்தோலில் செய்யும் சோதனைக்கும் உப்புநீரில் நன்றாக அலசிய தோல்தான். அத்தனை சுத்தம். கைக்குழந்தையின் வாய் எப்போது சுத்தமாக இருந்திருக்கிறது?

பிப்ரவரி 23

சொல்லவில்லை.

பிப்ரவரி 24

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் ஏப்ரலுக்குள் வராது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்கட்டும், கடவுளே.

பிப்ரவரி 26

யாரும் வருமுன் போனேன். கன்னத்தோலை எடுத்து இரண்டாக வெட்டினேன். ஒன்றை வழக்கம்போல் அலசினேன். இன்னொன்றில் என் பாலைத் தடவினேன். நேற்று மதியம் ஸ்டோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சி, ஃபிரிட்ஜில் வைத்த பால்.

அலசியதில் ஃபிலிம் ஒட்டியது. இழுத்துப் பார்க்கும் இயந்திரம் திணறியது.

பால் தடவியதில் வைத்துவிட்டு விரலை எடுத்தேன். என் விரலோடேயே வந்துவிட்டது. மறுபடி வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் நின்றது. தோலைச் சாய்த்ததும் சோப்புத் துண்டு மாதிரி சறுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் சுருண்டது.

குழந்தையின் வாயில் அந்த ஓரம் எது? தொண்டை.

மறுபடி செய்தேன். டப்பா பாலைக் கரைத்துத் தடவியும் செய்தேன். எல்லாம் சறுக்கின. மூலையில் ஃபிலிம் கரைவதைச் சோதிக்கும் இயந்திரத்தின் மூடி ஆடிக்கொண்டிருந்தது. டொக், டொக். அதை இறுக்கினேன். சத்தம் நின்ற மாதிரித் தெரியவில்லை.

கோந்து அண்ணன் வந்து பாட்டிலையும் தோலையும் பார்த்தார். "என்ன தங்கச்சி, காலங்காத்தாலயே பன்னிக்குப் பால் ஊட்டுறீங்க?"

நான் ஒரு ஃபிலிமை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒட்டினார். சாய்த்தார். சிரிப்பு போய்விட்டது. இன்னொன்று எடுத்து ஒட்டினார். பிறகு கோட்டைக்கூடப் போடாமல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே எல்லாரையும் கொப்பளிக்க வச்சேன்" என்றார்.

பிப்ரவரி 27

சொல்லிவிட்டேன். நான் சொல்ல நினைத்ததற்கு மேலேயும் சொல்லிவிட்டேன்.

மேடம் தோல்களைப் பார்த்தார். மருத்துவரும் வந்திருந்தார். மேடம் என்னிடம், "வலிப்பு வர்ற நேரத்துல வாயில பால் இருக்கும்னு என்ன நிச்சயம், காய்ச்சல் பிள்ளைங்க சாதாரணமா எதையும் குடிக்காதுங்களே" என்றார். நியாயமான கேள்விதான். கோபமாகவும் கேட்கவில்லை.

"என் பையனுக்கு இருந்துச்சு" என்றேன்.

மேடம் பேனாவை மூடினார். "உங்களுக்குப் பொண்ணுதானே?"

"அவளுக்கு முன்னாடி ஒரு பையன். காய்ச்சல்ல எதையும் தொடமாட்டேன்னான், பால் மட்டும்தான் குடிச்சான். குடிச்சா அழுகை நிக்குமேன்னு நான்தான் கொடுத்துக்கிட்டே இருந்தேன். எல்லா அம்மாவும் கொடுப்பாங்க மேடம்."

கோந்து அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மருத்துவர் மெதுவாக, "ஆமா. கொடுப்பாங்க. நான்கூட அதை நினைக்கல பாருங்க" என்றார்.

மேடம் நின்றபடியே பெற்றோர்களுக்குத் தகவல் அனுப்பச் சொன்னார். ஒத்திவைப்பு. எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. குட்டிக்கு வந்திருக்க வேண்டியதை நானே வாயைத் திறந்து தள்ளிப்போட்டுவிட்டேன். வார்டில் இருக்கிற முகம் தெரியாத பிள்ளைகளின் தொண்டையை நினைத்தேன். குட்டியை நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 1

தொட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திக் கூட்டினேன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மடித்துச் செருகிய ஒரு துணி. இவருடைய பழைய பனியன்.

"இது எதுக்குங்க?"

பனியனை வாங்கி மடித்தபடியே, "சத்தம் கேக்குது. அதான் வச்சேன்" என்றார்.

"உங்களுக்குமா?"

"ரொம்ப நாளா." என்னைப் பார்க்காமல் சொன்னார். "உனக்குக் கேக்காதுன்னு நினைச்சேன். சொன்னா நீ பயந்துருவியேன்னு."

இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தோம். பாலைப் பற்றிச் சொன்னேன். கழுத்தில் வழிந்ததைச் சொன்னேன். முதலில் வாயைத் துடைத்துவிட்டு மருந்தை விட்டிருந்தால் என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். "நானும் வண்டிச் சாவியைத் தேடிக்கிட்டே இருந்தேன் அன்னைக்கு. கையிலயே வச்சுக்கிட்டு. அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

துணியை எடுத்துத் துவைக்கப் போட்டேன். கேட்கட்டும். நிஜமாகவே கால் அடித்தால் எனக்குக் கேட்டாக வேண்டும்.

மார்ச் 13

பசையை மாற்றினோம். சறுக்கியது. கனமாக வார்த்தோம். சறுக்கியது. ஃபிலிமின் முகத்தைச் சொரசொரப்பாக்கினோம். கோந்து அண்ணன் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தேங்கா துருவி மாதிரி இருக்கு. பிள்ளை நம்மளைக் கடிச்சு வச்சிரும்" என்றார்.

மார்ச் 20

மதியம் எல்லோரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். கோந்து அண்ணன் எரிச்சலில், "பிள்ளைய கொப்பளிக்கச் சொல்ல முடியாது. வலிப்பு வந்தவங்க வாயை நிதானமாத் துடைச்சுட்டு வைங்கன்னு எல்லா அம்மாகிட்டயும் சொல்ல முடியாது. இனிமே ஃபிலிமே தனக்குத்தானே கொப்பளிச்சுக்கிட்டாத்தான் உண்டு" என்றார்.

நாங்கள் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க."

"சும்மா சொன்னேன் மேடம்."

"சும்மாவே சொல்லுங்க."

மாலைக்குள் பலகை முழுக்கப் படம் வரைந்துவிட்டார்கள். ஒட்டும் அடுக்குக்கு மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு. எச்சில் பட்டதும் அது கரைந்து, பாலின் கொழுப்பைத் தோலிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விடும். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலைதான். ஆனால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும். அது போன இடத்தில் பசை உட்காரும். படத்தில் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது.

என்னிடம் பால் கேட்டார்கள். கொடுத்தேன். குட்டிக்கு நிறைய இருக்கிறது. பெரியவனுக்கும் இருந்தது.

ஏப்ரல் 7

நேற்று எழுத முடியவில்லை. மருத்துவமனையில் இருந்தோம். குட்டி நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள்.

நேற்று காலையில் லேசான காய்ச்சல். அதற்கு மருந்து கொடுத்தேன். எதையும் சாப்பிடவில்லை, பால் மட்டும். மதியம் தொட்டிலில் போட்டோம். நான் அடுக்களையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன்.

டொக். டொக். கொஞ்சம் நின்று, டொக்.

வழக்கமான சத்தம் என்றுதான் நினைத்தேன். குழாயை மூடக்கூட இல்லை. அப்புறம் — இல்ல, பகல்ல இது வந்ததே இல்லையேன்னு தோணுச்சு. ஓடினேன். குட்டிதான். கண்ணு மேல போயிருச்சு, கால் வெட்டுது, வாய் ஓரத்துல பால்.

அவளை ஒருக்களித்துப் போட்டேன். இவர் இந்த முறை சாவியைத் தேடவில்லை. டாக்டர் குட்டிக்கும் எழுதிக்கொடுத்திருந்த வலிப்பு மருந்தைப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். விரலில் துணியைச் சுற்றிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே துடைத்தேன். துணி வெள்ளையாக வந்தது. திருப்பிச் சுற்றி மறுபடி துடைத்தேன். ஒரு நொடியில் எல்லாம். பிறகு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், வெளியிலிருந்து கன்னத்தை நீவிக்கொண்டே. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து காய்ந்தே இருந்தது.

கால் நின்றது. அவள் அழுதாள். அழுகையை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மருத்துவமனையில் பார்த்த டாக்டரிடம் துடைத்ததைச் சொன்னேன். "நல்லது செஞ்சீங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மருந்து இல்லாமலேயும் நின்னிருக்கலாம். பெரும்பாலும் தானாவே நின்னுரும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

அப்படியானால் அவனுக்கு மட்டும் ஏன் —

அண்ணி உடை மாற்றிக்கொள்ளத் துணி கொண்டுவந்தார். என்னை உட்காரவைத்துத் தலையைப் பின்னிவிட்டார். ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் என்னை அழவைத்தது.

ஏப்ரல் 19

இன்றோடு அவள் அவனைவிடப் பெரியவள். யாரிடமும் சொல்லவில்லை. இவர் காலண்டர் பக்கம் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன்.

ஜூன் 11

பால் தடவிய தோலில் ஒட்டியது. சாய்த்தோம். கவிழ்த்தோம். உதறினோம். கோந்து அண்ணன் அந்தத் தோலைக் கையில் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

செப்டம்பர் 2

வார்டில் இன்று தொடங்கிவிட்டார்கள். முதல் குழந்தைக்குப் பால் குடித்த கையோடு வைத்தார்களாம். மருத்துவர் போனில், "அங்கேயே உட்கார்ந்திருக்கு, அசையல" என்றார். எனக்குக் குழந்தையைச் சொல்கிறாரா ஃபிலிமைச் சொல்கிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டும்தான்.

ஆய்வகத்தில் இப்போது கன்னம் கொடுப்பவர்களுக்குக் கேள்வி மாறிவிட்டது. "பால் குடிச்சாச்சா?" கோந்து அண்ணனுக்குப் பால் வாடையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார். "எல்லாம் உங்களாலதான் தங்கச்சி" என்று முறைக்கிறார். இன்று மேடமும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கன்னம் கொடுத்தார். ஒரு வாக்கியம் பேசுகிறவர் அதையும் குழறிப் பேசினார்.

குட்டி நடக்கிறாள். தொட்டில் கொள்ளவில்லை, ஏறிக் குதிக்கிறாள். ஒரு வாரமாக எங்கள் நடுவில்தான் படுக்கை. தொட்டிலைப் பிரித்துவிடலாமா என்று அண்ணி கேட்டார். பிறகு பார்க்கலாம் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறது. குட்டி என் இடுப்பில் காலைப் போட்டுத் தூங்குகிறாள், தொட்டில் காலியாக இருக்கிறது. டொக். டொக்.

இவரும் விழித்துத்தான் இருக்கிறார். "துணி வைக்கவா?" என்றார்.

"வேணாங்க. விளையாடட்டும்" என்றேன்.